விண்டோஸ் 10 கைவிட்ட லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22: எங்கே ஓடும், எங்கே இடிக்கும்

விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தனிப்பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு கிடைக்கும். விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் பிராசஸர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. 2017 வரை விற்ற ஐ3, ஐ5 லேப்டாப்புகளில் அநேகமாக எல்லாமே இந்த வாசலில் நின்றுவிடுகின்றன. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, பிராசஸரும் வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனாலும் பாதுகாப்பாக ஓட்ட ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இல்லை. ரூஃபஸ் மாதிரியான கருவிகளால் அந்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றிவிட முடியும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. சம்பாத்தியம் நடக்கும் கணினியை அந்த நிலையில் வைக்காதீர்கள்.

இப்படி நிற்கும் கணினிக்கு நாங்கள் முதலில் சொல்வது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட் 22 வரிசை, சினமன் என்னும் திரை அமைப்புள்ள பதிப்பு. ஓஎஸ் என்ற அளவில் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. மாறியவர்கள் திரும்பிப் போவதற்குக் காரணம் அநேகமாக ஓஎஸ்ஸைச் சுற்றி இருப்பவைதான்: மேசையில் இருக்கும் பிரிண்டர், வேலைக்கு வேண்டிய ஒரே ஒரு மென்பொருள், பழைய எழுத்துருவில் கிடக்கும் தமிழ்க் கோப்புகள். அதனால் இந்த மதிப்பீட்டில் பாதிக்கு மேல் அவற்றைப் பற்றியே இருக்கும்.

மின்ட் 2006இல் தொடங்கியது. இப்போதைய 22 வரிசை உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. காசு கிடையாது, ஆக்டிவேஷன் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லி நச்சரிப்பதும் கிடையாது. இடது மூலையில் மெனு, அடியில் டாஸ்க்பார், வலது ஓரத்தில் கடிகாரமும் வைஃபையும் என்று விண்டோஸ் 7 பழகிய கைக்கு எல்லாம் எதிர்பார்த்த இடத்திலேயே இருக்கும். உபுண்டுவை நேராகவே போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். ஆனால் அதன் திரை அமைப்பைப் புதிதாகப் பழக வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் கூட அங்கே ஸ்னாப் என்னும் பொதி முறையில்தான் வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது முதல் முறை திறக்க நேரம் எடுக்கும். மின்ட் ஸ்னாப்பை அடைத்தே வைத்திருக்கிறது. வீட்டில் அப்பாவோ அம்மாவோ பயன்படுத்தப் போகிற கணினி என்றால் இந்த வித்தியாசம் பெரிது.

குறைந்தபட்சம் 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் போதும் என்று மின்ட் சொல்கிறது. நிம்மதியாக வேலை செய்ய 4 ஜிபி ராம், 100 ஜிபி இடம் என்பது அவர்களே தரும் பரிந்துரை. எங்கள் கணக்கு இன்னும் கறாரானது. சினமன் திரை வந்து நின்றதுமே ஏறக்குறைய 1 ஜிபி ராமை எடுத்துக்கொள்ளும். மீதியைத் தின்பது பிரவுசர். 8 ஜிபி இருந்தால் யோசிக்காமல் சினமன். 4 ஜிபி என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அழகு கொஞ்சம் குறையும், வேகம் குறையாது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்து இன்னும் வீடுகளில் இருக்கும் பழைய லேப்டாப்புகளுக்கும் எக்ஸ்எஃப்சிஇதான் பொருந்தும்.

ராமைவிட முக்கியமானது டிஸ்க். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் எந்த ஓஎஸ் போட்டாலும் அது திணறத்தான் செய்யும். லினக்ஸுக்கு மாறியும் வேகமே வரவில்லை என்று சொல்கிறவர்களின் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்தான் உள்ளே இருக்கும். முதலில் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) மாற்றுங்கள், பிறகு ஓஎஸ் மாற்றுங்கள். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது: கழற்றிய பழைய டிஸ்க்கில் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும். அதைவிட நல்ல பேக்கப் கிடையாது.

டிஸ்க் மாற்றாமல் விண்டோஸ் பக்கத்திலேயே மின்ட் வைப்பதென்றால், விண்டோஸுக்குள் இருக்கும்போதே சில வேலைகளை முடித்துவிட வேண்டும். முதலாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் அதை அணையுங்கள். அது இயங்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் மின்ட்டிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. டி டிரைவுக்கும் அதே கதி வரலாம். இரண்டாவது, டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன். செட்டிங்ஸில் அது ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அணைத்துவிடுங்கள், அல்லது மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் (ஓஎஸ் ஏறும் முன் வரும் கணினியின் அமைப்புத் திரை) கை வைத்ததும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகள் போனதுதான்.

மூன்றாவது, பலரும் முட்டிக்கொள்ளும் இடம். மின்ட் நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பயாஸில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலர் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு நிலையில் இருக்கும். அதை ஏஹெச்சிஐ என்னும் பொதுவான நிலைக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழுந்துவிடும். முறை இது: விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் ஏறும் முன்பே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஏறித் தேவையான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் பூட் குறியை எடுத்துவிட்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட்.

நம் ஊர் சர்வீஸ் கடைகளில் ஃபார்மட் அடித்த பழைய கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. லெகசி பயாஸ் என்னும் பழைய தொடக்க முறையில், எம்பிஆர் என்னும் பழைய பிரிப்பு முறையிலுள்ள டிஸ்க்கில் விண்டோஸைப் போட்டு சி, டி, இ என்று பிரித்திருப்பார்கள். எம்பிஆரில் முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் போகாது. நான்கும் நிரம்பியிருந்தால், நீங்கள் டிஸ்க் மேனேஜ்மென்டில் 60 ஜிபி ஒதுக்கி வைத்தாலும் மின்ட் அந்த இடத்தைப் பயன்படுத்த முடியாது என்றுதான் காட்டும். ஒரு பகுதியில் இருப்பதை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு அந்தப் பகுதியை அழிப்பதுதான் எளிய வழி. பென் டிரைவையும் விண்டோஸ் இருக்கும் அதே முறையிலேயே பூட் செய்யுங்கள்; விண்டோஸ் லெகசியிலும் மின்ட் யுஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையிலும் ஆளுக்கொரு பக்கமாக இருந்தால் தொடக்க மெனுவில் இரண்டும் சேர்ந்து வராது.

மின்ட்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். எட்சர், ரூஃபஸ், வென்டாய் எதில் எழுதினாலும் சரி. எழுதும் முன், கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது இணைப்பு விட்டுவிட்டு வந்து, கோப்பு ஓரிடத்தில் சிதைந்திருக்கலாம். அது நிறுவலின் பாதியில் காரணம் புரியாத பிழையாக வெளிப்படும்போது ஆட்கள் டிஸ்க்கைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள். பூட் மெனுவுக்கு டெல், லெனோவாவில் எஃப்12; ஹெச்பியில் எஃப்9; ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய வேண்டுமானால் முதலில் பயாஸில் அந்த மெனுவை இயக்க வேண்டும். சில ஏசர் மாடல்களில் பயாஸுக்கு சூப்பர்வைசர் கடவுச்சொல் வைத்து, மின்ட்டின் தொடக்கக் கோப்பை நம்பத்தக்கது என்று சேர்த்தால்தான் நம்பத்தகாத ஓஎஸ் ஏறாமல் தடுக்கும் செக்யூர் பூட் அதை விடும். திரை கறுத்து நின்றால் தொடக்க மெனுவிலேயே இருக்கும் கம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள்.

பென் டிரைவிலிருந்து ஏறும் மின்ட் முழு ஓஎஸ்தான். டிஸ்க்கைத் தொடாமலே எல்லாவற்றையும் பார்க்கலாம். இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இங்கே செலவழிக்கிற ஒரு மணி நேரம் பின்னால் ஒரு வார அலைச்சலை மிச்சப்படுத்தும். வைஃபை பிடிக்கிறதா, பக்கத்து அறையிலும் நிற்கிறதா? ஸ்பீக்கரிலும் ஹெட்ஃபோனிலும் ஒலி வருகிறதா? திரை வெளிச்சத்தைக் கூட்டும் குறைக்கும் பொத்தான்கள், டச்பேடில் இரு விரல் ஸ்க்ரோல், கேமரா, புளூடூத். மூடியை மூடி இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தால் எழுகிறதா? பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். இதில் எது வேலை செய்கிறதோ அது நிறுவிய பிறகும் வேலை செய்யும். வேகத்தை மட்டும் இதில் அளக்க வேண்டாம், பென் டிரைவ் மெதுவாகத்தான் இருக்கும்.

நிறுவும்போது தவறவிடக்கூடாதவை மூன்று. மல்டிமீடியா கோடெக்குகளை நிறுவும் கட்டத்தில் டிக் போடுங்கள்; இல்லையென்றால் சில வீடியோக்கள் ஓடாது. டிஸ்க்கை அழித்து நிறுவும் விருப்பம் சி டிரைவை மட்டும் அழிப்பதல்ல, மொத்த டிஸ்க்கையும் அழிப்பது. கல்யாண ஆல்பமும் பத்திரங்களின் ஸ்கேனும் இருக்கும் டி டிரைவும் சேர்ந்து போய்விடும். விண்டோஸில் பழகியவர்கள் ஓஎஸ் என்றால் சி டிரைவ் என்று நினைப்பதால் நேரும் இழப்பு இது, மீட்பது மிகக் கடினம். கையால் பகுதி பிரிப்பவர்கள், ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஃபார்மட் குறியை மட்டும் போடாதீர்கள். விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. ராம் நிரம்பும்போது உதவும் ஸ்வாப்புக்குத் தனிப் பகுதி வேண்டாம், மின்ட் தானே ஒரு கோப்பை வைத்துக்கொள்ளும்.

எஸ்எஸ்டியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் ரீஸ்டார்ட்டில் நீல நிறத்தில் எம்ஓகே என்ற திரை வந்தால் அவசரப்பட்டு கன்டினியூ பூட் அழுத்தாதீர்கள். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா அல்லது பிராட்காம் டிரைவர் வேலை செய்ய வேண்டுமானால் அந்தத் திரையில் என்ரோல் எம்ஓகேயைத் தேர்ந்தெடுத்து, நிறுவும்போது நீங்கள் வைத்த கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். அது சில நொடிகள்தான் காத்திருக்கும். தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டதாகக் காட்டும், ஆனால் ஏறாது.

உள்ளே நுழைந்ததும் வெல்கம் திரை வரும். அதை மூடிவிடாமல் அதிலிருந்தே, சிஸ்டத்தின் நிலையை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்டைத் திறந்து முதல் ஸ்னாப்ஷாட் (நகல்) எடுத்துவிடுங்கள். பிறகு அப்டேட், பிறகு டிரைவர் மேனேஜர், அந்த வரிசையில். ஏதாவது ஓர் அப்டேட் கணினியைக் கெடுத்தால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். விண்டோஸின் சிஸ்டம் ரீஸ்டோரைவிட இதை நம்பலாம் என்பது எங்கள் கருத்து. ஆனால் டைம்ஷிஃப்ட் உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் காப்பதில்லை. அது சிஸ்டத்துக்கு மட்டும். கோப்புகளுக்குத் தனியாக வெளி டிஸ்க்கில் நகல் வேண்டும்.

வைஃபையில் இரண்டு பழைய எதிரிகள் உண்டு. பிராட்காம் சிப் உள்ளவை, குறிப்பாக பிசிஎம்43142, நிறுவியதும் வைஃபையே இல்லாததுபோல் நிற்கும். டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் மின்ட் உடனே எடுத்துக்கொள்ளும். அல்லது நிறுவிய பென் டிரைவையே மறுபடி செருகினால் டிரைவர் மேனேஜர் அதிலிருந்து எடுக்கும். இரண்டாவது ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ. ஹெச்பியின் மலிவு லேப்டாப்புகள் பலவற்றில் இந்தச் சிப் இருக்கும். வைஃபை தெரியும், ஆனால் ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பிடிக்கும். காரணம், அந்த மாடல்களில் ஆன்டெனா ஒன்றே ஒன்று. இல்லாத ஆன்டெனாவை டிரைவர் தேடிக்கொண்டிருக்கும். டிரைவர் அமைப்பில் ஆன்டெனாத் தேர்வை 1 அல்லது 2 என்று மாற்றும் ஒரு வரி சேர்த்தால் சிக்னல் முழுதாக வந்துவிடும்.

விண்டோஸும் மின்ட்டும் சேர்ந்திருக்கும் கணினியில் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். பேட்டரி போய்விட்டது என்று மதர்போர்டு செல்லை மாற்ற வேண்டாம். மின்ட் கணினிக் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது, அவ்வளவுதான். கணினிக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி மின்ட்டுக்குச் சொல்லும் ஒரு டெர்மினல் கட்டளையில் தீர்ந்துவிடும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மின்ட் மெனுவே வராமல் நேராக விண்டோஸ் ஏறினால் பயாஸில் பூட் வரிசை மாறியிருக்கும். திரும்ப மின்ட்டை மேலே கொண்டுவாருங்கள். 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று செக்யூர் பூட் வழியாகப் பல கணினிகளில் லினக்ஸை ஏறவிடாமல் செய்தது. ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைப்பதில் இந்த மாதிரி தலைவலி எப்போதும் உண்டு. இடமிருந்தால் தனித்தனி டிஸ்க்கே மேல்.

தமிழுக்கு வருவோம். வாசிக்க எதுவும் செய்ய வேண்டியதில்லை. கொம்பும் காலும் இடம் மாறாமல், உடையாமல் தெரியும். தட்டச்சுக்குத்தான் கொஞ்சம் வேலை. கீபோர்டு அமைப்பில் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கும். அதைச் சேர்த்துவிட்டுத் தமிழ்99 தட்டச்சு முறை சரியாக இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற எளிய வரைபடம். முந்தைய எழுத்து என்ன என்று அதற்குத் தெரியாது. தமிழ்99இன் உயிரே அந்த முந்தைய எழுத்தைப் பார்க்கும் விதிகளில் இருக்கிறது: ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி, ங அடுத்து க, ண அடுத்து ட, ம அடுத்து ப வந்தால் தானாகப் புள்ளி, மெய்யை அடுத்து உயிர் தட்டினால் உயிர்மெய். இவை வேண்டுமானால் ஐபஸ் எம்17என் என்னும் தட்டச்சு மென்பொருள் பொதி வேண்டும்.

மென்பொருள் மேலாளரில் ஐபஸ், எம்17என் என்று தேடி நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வர வேண்டும். இதைச் செய்யாமல் எத்தனை முறை அமைப்பைக் கிளறினாலும் தமிழ் வராது. பிறகு ஐபஸ் பிரிஃபரன்ஸஸில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99, ஃபொனடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் என்று வரும். வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். விண்டோஸில் என்ஹெச்எம் ரைட்டர், இ-கலப்பை வழியே தமிழ்99 தட்டிப் பழகியவர்களுக்கு அது கை மாறாமல் வந்துவிடும். அழகியில் ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டியவர்களுக்கு ந, ன, ண, ல, ள, ழ விசைகளில் வித்தியாசம் இருக்கலாம். ஓரிரு நாள் தடுமாறும். தட்டச்சு லோயர், ஹையர் முடித்தவர்கள் டைப்ரைட்டர் அமைப்பைப் பிடித்துக்கொள்ளலாம்.

எம்17என்னில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். கடைசியாகத் தட்டிய எழுத்து அடிக்கோட்டோடு தற்காலிகமாக நிற்கும். ஸ்பேஸோ அடுத்த எழுத்தோ வந்தால்தான் உறுதியாகும். அதற்குள் மவுஸை வேறு இடத்தில் கிளிக் செய்தால் சில செயலிகளில் அந்த எழுத்து விழுந்துவிடும், அல்லது கிளிக் செய்த இடத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கு இது எரிச்சலான விஷயம். மவுஸைத் தொடும் முன் ஸ்பேஸ் தட்டும் பழக்கம் வந்துவிட்டால் சமாளிக்கலாம்.

லிப்ரே ஆபீஸில் தமிழ் எழுத்துரு மாறவே மாட்டேன் என்கிறது என்ற புகாருக்கும் காரணம் உண்டு. அது ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கு ஓர் எழுத்துரு என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் வழியே போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு கேரக்டர் பெட்டியில் இரண்டு பகுதிகள் தெரியும். இரண்டிலும் அளவைச் சமமாக வைத்தால்தான் பத்தியின் நடுவே வரும் ஆங்கிலச் சொல் சின்னதாகிப் போகாது.

வேர்டில் லதா எழுத்துருவில் அடித்த விண்ணப்பத்தை இங்கே திறந்தால் லதா இருக்காது. லோஹித் அல்லது நோட்டோ அந்த இடத்தை எடுக்கும். எழுத்தகலம் வேறு என்பதால் ஒரு பக்கக் கடிதம் ஒன்றே கால் பக்கமாகும். காலிப்ரிக்கும் கேம்ப்ரியாவுக்கும் அதே அகலமுள்ள கார்லிட்டோ, கலடியா இருப்பதால் ஆங்கிலக் கோப்புகளில் இந்தத் தொல்லை குறைவு. அனுப்புவது பிடிஎஃப் என்றால் கவலையே இல்லை. எக்செல் கணக்குகள் பெரும்பாலும் சரியாகத் திறக்கும், மேக்ரோ எழுதியவை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் தனிக் கதை. பாமினி எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் பழைய ஆவணம் அப்படியே தெரியும். ஆங்கிலக் கீபோர்டிலேயே பாமினி முறையில் தட்டவும் முடியும். வானவில் ஔவையார் எழுத்துருவில் உள்ளதையும் இதேபோல் படிக்கலாம், ஆனால் தட்டுவதற்கான அதன் மென்பொருள் விண்டோஸுக்கானது. அலுவலகத்தில் தினமும் வானவில் கேட்கிறார்கள் என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே விண்டோஸ் வைத்திருக்க வேண்டியிருக்கும். கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதுதான் நீண்ட நாளைக்கு நல்லது. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பிரிண்டரில் அதிர்ஷ்டம் மாடலைப் பொறுத்தது. வைஃபை உள்ள புதிய பிரிண்டர்கள் டிரைவரே கேட்காமல் வந்து நிற்கும். எப்சன் இங்க் டேங்க் வரிசைக்கு எப்சனே லினக்ஸ் டிரைவர் தருகிறது. ஹெச்பி லேசர்ஜெட் 1020, பி1007, பி1108 கடைதோறும் இருப்பவை. இவற்றில் 1020, பி1007 ஒவ்வொரு முறை மின்சாரம் போட்டதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேரைப் (பிரிண்டரின் உள் மென்பொருள்) பெற்றுத்தான் எழும். ஹெச்பியின் ஹெச்பிலிப் கருவி மின்ட்டில் இருந்தாலும், கூடவே ஒரு பிளகினை இறக்க வேண்டும். அது இல்லையென்றால் வேலை முடிந்ததாகக் காட்டும், தாள் வராது. ஹெச்பிலிப் புதிய பதிப்புக்கு மாறும்போது பிளகினையும் மறுபடி இறக்க வேண்டும். திடீரென்று ஒருநாள் பிரிண்ட் நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கேனான் எல்பிபி2900 வைத்திருப்பவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறோம்: அந்த பிரிண்டரில்தான் உங்கள் பிழைப்பு என்றால் மாறாதீர்கள். அதன் கேப்ட் டிரைவர் பழையது, 32 பிட் நூலகங்களைக் கேட்கிறது, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஓட வைத்தாலும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி படுத்துவிடும். நல்ல பிரிண்டர்தான், லினக்ஸுக்கு ஆகாது.

இதே கறார் டேலி, ஃபோட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் ஆகியவற்றுக்கும் பொருந்தும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாகச் சில பதிப்புகள் திறக்கும். திறப்பது வேறு, மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கை நம்பி ஒப்படைப்பது வேறு. டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்ப) டோக்கன் வைத்திருக்கும் கணக்காளர்கள், டோக்கன் தயாரித்தவர் லினக்ஸ் டிரைவர் தருகிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். ஆதார் கைரேகைக் கருவி வைத்து இ-சேவை நடத்துகிறவர்கள் இந்த முயற்சியில் இறங்க வேண்டாம். கேம் பக்கத்தில் ஸ்டீமில் உள்ளவை நிறைய ஓடும். வேலரன்ட் ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும்.

மற்றபடி பிரவுசர், யூடியூப், வாட்ஸ்அப் வெப், ஜூம், பிடிஎஃப், ஆன்லைன் வகுப்பு, நிரல் எழுதப் பழகுவது எல்லாம் சாதாரணமாக நடக்கும். வாட்ஸ்அப்பைத் தனி ஐகானாக வைக்க மின்ட்டின் வெப் ஆப்ஸ் கருவி போதும். மென்பொருளைக் கண்ட இணையதளத்திலிருந்து இறக்கும் விண்டோஸ் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். மென்பொருள் மேலாளரில் தேடுங்கள். அதில் யார் வெளியிட்டது என்று சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளை (ஒரு வகை மென்பொருள் பொதி) மின்ட் 22 மறைத்தே வைக்கிறது. அது நல்ல முடிவு, அவசியமில்லாமல் திறந்துவிடாதீர்கள். அப்டேட் பாதியில் ரீஸ்டார்ட் கேட்டுத் தொந்தரவு செய்யாது. வாரம் ஒருமுறை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சர்வீஸ் கடையில் கொடுத்துப் போடச் சொல்வதென்றால் நான்கு விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: மின்ட் 22, 64 பிட்; 4 ஜிபி ராம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ, கூடுதல் என்றால் சினமன்; டி டிரைவைத் தொடக்கூடாது; ஐபஸ் எம்17என் சேர்த்துத் தமிழ்99 வேலை செய்வதைக் காட்ட வேண்டும். வாங்க வரும்போது உங்கள் பிரிண்டரைக் கையோடு எடுத்துப் போய், அங்கேயே ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.